ஸ்மார்ட் ஸ்பீக்கர் மௌனமானால் முதலில் செய்ய வேண்டியது என்ன? ரீஸ்டார்ட், ரீசெட் வேறுபாடு: ஒரு விளக்கம்

புதுதில்லி: அழைத்தால் பதில் தரும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் திடீரென மௌனமாகிவிட்டால், அதை முழுமையாக ரீசெட் செய்துவிடுவதே தீர்வு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், அன்றாடம் ஏற்படும் கோளாறுகள் பலவற்றுக்கு ரீஸ்டார்ட் எனப்படும் மறுதொடக்கமே போதுமானது. மறுபுறம், பழைய ஸ்பீக்கரை விற்கும்போதும் பிறருக்குக் கொடுக்கும்போதும் கட்டாயம் செய்ய வேண்டிய ரீசெட்டைச் செய்யாமலேயே பலர் விட்டுவிடுகின்றனர். தேவையற்ற இடத்தில் செய்யப்பட்டு, தேவையான இடத்தில் தவிர்க்கப்படும் இந்த நடவடிக்கை குறித்த விளக்கம் வருமாறு:

இந்தியாவில் அமேசான் நிறுவனத்தின் எக்கோ ஸ்பீக்கர்கள் 2017ஆம் ஆண்டு அக்டோபரில் அறிமுகமாயின. 2018 ஏப்ரலில் கூகுள் ஹோம் ஸ்பீக்கரும், 2020 நவம்பரில் ஆப்பிளின் ஹோம்பாட் மினியும் விற்பனைக்கு வந்தன. 2019ஆம் ஆண்டில் அலெக்ஸா இந்தியிலும் பேசத் தொடங்கியது. முதலில் வாங்கப்பட்ட ஸ்பீக்கர்கள் இப்போது பழையனவாகிவிட்டன. அவை வீடு மாறுகின்றன, கைமாறுகின்றன, இணைய இணைப்பும் ரூட்டரும் மாறும்போது தடுமாறுகின்றன. எனவே, இவ்விரு நடவடிக்கைகளின் வேறுபாட்டை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

ஸ்மார்ட் ஸ்பீக்கர் என்பது ஒலிபெருக்கி பொருத்தப்பட்ட ஒரு சிறிய கணினியாகும். அதில் தற்காலிக நினைவகம், நிரந்தர நினைவகம் என இரண்டு உள்ளன. இயங்கிக்கொண்டிருக்கும் பணிகள் தற்காலிக நினைவகத்தில் இருக்கும். வைஃபை பெயர், கடவுச்சொல், உரிமையாளரின் கணக்குக்கான சான்று, அமைப்புகள் ஆகியவை நிரந்தர நினைவகத்தில் சேமிக்கப்பட்டிருக்கும்.

ரீஸ்டார்ட் செய்யும்போது தற்காலிக நினைவகம் மட்டுமே காலியாகிறது. பாதியில் சிக்கி நின்ற பணிகள் முடிவுக்கு வந்து, கருவி ரூட்டருடன் புதிதாகத் தொடர்பு ஏற்படுத்திக்கொள்கிறது. சேமித்த எதுவும் அழிவதில்லை.

ரீசெட் செய்யும்போது நிரந்தர நினைவகத்தில் உள்ள பயனர் விவரங்களும் நீக்கப்பட்டு, பெட்டியிலிருந்து முதன்முறையாக எடுத்த நிலைக்குக் கருவி திரும்புகிறது. வைஃபை இணைப்பு, கணக்கு இணைப்பு, ஒலி அமைப்புகள் ஆகியவற்றை மீண்டும் முதலிலிருந்து அமைக்க வேண்டும். காலையில் எழுப்பவும் மருந்து வேளையை நினைவூட்டவும் வைத்திருந்த அலாரங்களையும் இழக்க நேரிடலாம். வீட்டில் முதியோர் அந்த அலாரங்களை நம்பி மருந்து உட்கொள்பவர்களாக இருந்தால், ரீசெட்டுக்கு முன் அவற்றைத் தனியே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

எக்கோ வகைகளில் சிலவற்றில் மின்விளக்குகளை நேரடியாக இணைக்கும் ஜிக்பீ வசதி உள்ளது. அவ்வாறு இணைத்திருக்கும் வீடுகளில், ரீசெட்டுக்குப் பின் ஒவ்வொரு விளக்கையும் மீண்டும் இணைக்க வேண்டிய நிலையும் ஏற்படலாம்.

பழுது எங்கே இருக்கிறது?

ஸ்பீக்கர் பதில் சொல்லவில்லை என்பதாலேயே பழுது ஸ்பீக்கரில்தான் இருக்கிறது என்று கொள்ள முடியாது. 'அலெக்ஸா', 'ஹே கூகுள்' போன்ற அழைப்புச் சொல்லை ஸ்பீக்கர் தானே உணர்கிறது. அதன்பின் கேட்கப்படும் கேள்வி, பெரும்பாலும் ரூட்டர் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குச் சென்று, அங்கு புரிந்துகொள்ளப்பட்டு, பதிலாகத் திரும்பி வருகிறது. ஸ்பீக்கர், வீட்டின் இணைய இணைப்பு, தொலைவிலுள்ள சர்வர் ஆகிய மூன்றில் எது தடைபட்டாலும் விளைவு ஒன்றுதான்.

கடந்த 2025ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி, அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அமேசான் வெப் சர்வீசஸ் மையத்தில் ஏற்பட்ட கோளாறால் அலெக்ஸா உள்ளிட்ட ஏராளமான சேவைகள் பாதிக்கப்பட்டன. அத்தகைய நாளில் வீட்டிலுள்ள ஸ்பீக்கரை எத்தனை முறை ரீசெட் செய்தாலும் பயன் இல்லை. மாறாக, சர்வர் இயங்காதபோது புதிதாகக் கணக்கை இணைப்பதும் சிரமமாகிவிடும்.

எனவே, கருவியில் கைவைப்பதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்யலாம். முதலாவது, அதே வைஃபையில் கைப்பேசியை இணைத்து, மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, ஏதேனும் ஓர் இணையதளத்தைத் திறந்து பார்ப்பது. அது திறக்கவில்லை எனில், பழுது இணைய இணைப்பில் உள்ளது. இரண்டாவது, அந்த ஸ்பீக்கருக்கான செயலி கைப்பேசியில் இயங்குகிறதா என்று பார்ப்பது. இணையம் இருந்தும் செயலி முடங்கியிருந்தால், சேவையே தடைபட்டிருக்க வாய்ப்புண்டு. அப்போது காத்திருப்பதே சரியான வழி.

விளக்கின் நிறம் சொல்லும் செய்தி

ஸ்பீக்கரில் ஒளிரும் விளக்கும் பழுதை அடையாளம் காட்டும். எக்கோவில் சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தால் மைக் அணைக்கப்பட்டுள்ளது என்று பொருள். துடைக்கும்போது கை பட்டோ, குழந்தைகள் அழுத்தியோ இது நேர்ந்திருக்கலாம். மைக் பொத்தானை மீண்டும் ஒருமுறை அழுத்தினால் போதும். நெஸ்ட் மினியில் மைக் அணைந்திருப்பதை ஆரஞ்சு நிற விளக்குகள் காட்டும். அதன் பக்கவாட்டில் உள்ள சிறிய சுவிட்சை நகர்த்தினால் சரியாகிவிடும்.

எக்கோவில் ஆரஞ்சு நிற வளையம் சுழன்றால், கருவி அமைப்பு நிலையில் உள்ளது அல்லது இணையத்துடன் இணைய முயல்கிறது என்று பொருள். மஞ்சள் நிறம் விட்டுவிட்டு எரிந்தால் அது பழுதன்று. ஏதோ ஓர் அறிவிப்பு காத்திருக்கிறது என்பதற்கான அடையாளம். ஒரே ஆரஞ்சு நிறம் எக்கோவில் ஒரு பொருளையும் நெஸ்ட் மினியில் வேறொரு பொருளையும் தருவதால், எந்த நிறுவனத்தின் கருவி என்பதையும் கவனித்து முடிவுக்கு வர வேண்டும்.

மறுதொடக்கம் செய்வது எப்படி?

எக்கோ ஸ்பீக்கரில் மின் இணைப்பைத் துண்டித்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் கொடுப்பதே மறுதொடக்கமாகும். கூகுள் நெஸ்ட் கருவிகளில் கூகுள் ஹோம் செயலியின் கருவி அமைப்புகளுக்குள் மறுதொடக்கத்துக்கான தெரிவு உள்ளது. செயலியில் கருவி தென்படவில்லை எனில், மின் இணைப்பை ஒரு நிமிடம் துண்டித்துவிட்டு மீண்டும் கொடுக்கலாம். ஹோம்பாடுக்கு, ஐபோனின் ஹோம் செயலியில் அந்தக் கருவிக்கான அமைப்புகளின் இறுதியில் ரீசெட் பகுதி இருக்கும். அதனைத் தொட்டால் மறுதொடக்கம், முழு நீக்கம் என இரு தெரிவுகள் காட்டப்படும். இதில் அவசரப்படாமல் முதலாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தவுடனேயே மீண்டும் போடுவது சரியான முறை அன்று. கருவிக்குள் எஞ்சியிருக்கும் மின்னாற்றல் முழுவதும் வடிந்தால்தான் நினைவகம் காலியாகும். எனவே, சில விநாடிகளேனும் இடைவெளி விட வேண்டும்.

ஸ்பீக்கர் தானாகவே அடிக்கடி அணைந்து எரிந்தால், அடாப்டரைச் சரிபார்ப்பது நல்லது. நெஸ்ட் மினி, எக்கோ டாட் மூன்றாம் தலைமுறை ஆகியவற்றுடன் 15 வாட் அடாப்டர் வழங்கப்படுகிறது. திறன் குறைந்த மாற்று அடாப்டரைப் பயன்படுத்தினால், ஒலி கூடும் வேளைகளில் போதிய மின்சாரம் கிடைக்காமல் கருவி நின்றுவிடக்கூடும். இதை ரீசெட் மூலம் சரிசெய்ய இயலாது.

மின்தடைக்குப் பின் கவனிக்க வேண்டியவை

மின்தடை நீங்கியதும் ஸ்பீக்கர் இணையவில்லை என்பது இந்திய வீடுகளில் வழக்கமான அனுபவமாகும். மின்சாரம் வந்தவுடன் ஸ்பீக்கரும் ரூட்டரும் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்குகின்றன. ரூட்டர் வைஃபையை வழங்கி, ஃபைபர் இணைப்பையும் பெறுவதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அதற்குள் ஸ்பீக்கர் வைஃபையைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல் நின்றுவிடுகிறது.

இதற்கான தீர்வு வரிசையில்தான் உள்ளது. முதலில் ரூட்டரை அணைத்துப் போட வேண்டும். அதன் இணைய விளக்கு நிலையாக எரிந்து, கைப்பேசியில் இணையம் கிடைப்பது உறுதியானபின் ஸ்பீக்கருக்கு மின் இணைப்பு கொடுக்க வேண்டும். ரூட்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்திருந்தால் இந்தச் சிக்கல் குறையும்.

ரூட்டர் மாறினால் ரீசெட் தேவையா?

இணைய சேவை நிறுவனத்தை மாற்றும்போது புதிய ரூட்டர் வருகிறது. அதன் பெயரும் கடவுச்சொல்லும் வேறாக இருப்பதால், பழைய விவரங்களையே நினைவில் வைத்திருக்கும் ஸ்பீக்கர் தொடர்பை இழக்கிறது. ரீசெட்டை நாடுவதற்கு முன் எளிய வழி ஒன்று உள்ளது. பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும், எழுத்து ஒன்றுகூட மாறாமல், அதே பாதுகாப்பு முறையுடன் புதிய ரூட்டரில் அமைத்துவிட்டால், வீட்டில் உள்ள ஸ்பீக்கர், மின்விளக்கு, கேமரா ஆகியவை வழக்கமாகத் தாமாகவே இணைந்துகொள்ளும்.

பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்றால், எக்கோவுக்கு அலெக்ஸா செயலியில் கருவியின் அமைப்புகளுக்குச் சென்று வைஃபையை மட்டும் மாற்ற முடியும். இதனால் பிற அமைப்புகள் பாதிக்கப்படுவதில்லை.

புதிய ரூட்டர்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகள் உள்ளன. இரண்டாவது வேகமானது, ஆனால் சுவர்களைக் கடக்கும்போது விரைவில் வலுவிழக்கும். ரூட்டர் ஓர் அறையிலும் ஸ்பீக்கர் இரண்டு சுவர்களுக்கு அப்பாலும் இருந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையே நிலையான தொடர்பைத் தரும். டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை மட்டும் இயங்குமாறு ரூட்டர் அமைக்கப்பட்டிருந்தால், சில பழைய கருவிகள் அதில் இணைய முடியாமல் போகலாம். பழைய முறையையும் அனுமதிக்கும் கலப்பு நிலைக்கு ரூட்டரை மாற்றினால் இது தீரும்.

அவசர ரீசெட்டால் நேர்ந்த சிக்கல்

அவசரப்பட்டு ரீசெட் செய்வது பழுதை மோசமாக்கலாம் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு உள்ளது. 2025ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் தேதி வாக்கில், உலகின் பல பகுதிகளில் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட், குரோம்காஸ்ட் ஆடியோ ஆகிய கருவிகள் செயலிழந்தன. அவற்றில் இடம்பெற்றிருந்த 10 ஆண்டு கால டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று காலாவதியானதே காரணம். பயனர்கள் கருவியை ரீசெட் செய்ய வேண்டாம் என்று கூகுள் கேட்டுக்கொண்டது.

சில நாள்களில் திருத்தம் வெளியிடப்பட்டது. கருவியை அப்படியே விட்டு வைத்திருந்தவர்களுக்கு அந்தத் திருத்தம் இணையம் வழியாகத் தானாகவே வந்து சேர்ந்தது. அதற்குள் ரீசெட் செய்துவிட்டவர்களின் கருவிகளோ வைஃபை விவரங்களை இழந்திருந்ததால், அதைப் பெற முடியவில்லை. சான்றிதழ் காலாவதியானதால் புதிதாக அமைக்கவும் இயலவில்லை. கூகுள் ஹோம் செயலியின் புதிய பதிப்பு வரும் வரை அவர்கள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

எனவே, ஒரே மாதிரிக் கருவிகள் ஒரே நேரத்தில் பலருக்கும் செயலிழந்திருப்பதாகத் தெரிந்தால், நிறுவனத்தின் அறிவிப்பு வரும் வரை ரீசெட் செய்யாமல் இருப்பதே பாதுகாப்பானது.

ரீசெட் செய்யும் முறை

மேற்கண்ட எதுவும் பலன் தராதபோதும், கருவி கைமாறும்போதும் ரீசெட் தேவைப்படுகிறது. கருவிக்குக் கருவி முறை மாறுபடும்.

எக்கோ டாட் மூன்றாம் தலைமுறை முதல் ஐந்தாம் தலைமுறை வரை, புள்ளி அடையாளம் கொண்ட செயல் பொத்தானை 20 முதல் 25 விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒளிவளையம் அணைந்து மீண்டும் எரிந்து, ஆரஞ்சு நிறத்துக்கு வரும். இரண்டாம் தலைமுறை எக்கோ டாட்டில் மைக் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்துச் சுமார் 20 விநாடிகள் அழுத்த வேண்டும். திரையுள்ள எக்கோ ஷோவில், அதே இரு பொத்தான்களையும் அமேசான் சின்னம் தோன்றும் வரை சுமார் 15 விநாடிகள் அழுத்த வேண்டும்.

நெஸ்ட் மினி, நெஸ்ட் ஆடியோ ஆகியவற்றை ரீசெட் செய்யக் குரல் கட்டளையோ செயலியோ உதவாது. முதலில் மைக் சுவிட்சை அணைக்க வேண்டும். பின்னர், நெஸ்ட் மினியில் விளக்குகள் எரியும் மேற்பரப்பின் நடுவிலும், நெஸ்ட் ஆடியோவில் முன்புறத்தின் மேற்பகுதி நடுவிலும் விரலை வைத்து அழுத்த வேண்டும். 5 விநாடிகளில் ரீசெட் தொடங்கும். உறுதிப்படுத்தும் ஒலி கேட்கும் வரை மேலும் 10 விநாடிகள் விரலை எடுக்கக் கூடாது. முதல் தலைமுறை ஹோம் மினியில் அடிப்பகுதியில், மின்கம்பி நுழையும் இடத்துக்கு அருகே உள்ள சிறிய வட்டத்தை அதே அளவு நேரம் அழுத்த வேண்டும்.

ஹோம்பாடில் மின் இணைப்பை 10 விநாடிகள் துண்டித்து, மீண்டும் கொடுத்து, மேலும் 10 விநாடிகள் கழித்து மேற்பரப்பில் விரலை வைத்துப் பிடிக்க வேண்டும். சுழலும் வெள்ளை விளக்கு சிவப்பாக மாறி, ரீசெட் ஆகப்போவதாக சிரி அறிவிக்கும். மூன்று முறை ஒலி எழுந்த பின்னரே விரலை எடுக்க வேண்டும்.

விற்பதற்கு முன் ரீசெட் மட்டும் போதுமா?

போதாது என்கிறது அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் 16 மாத காலத்தில், பயன்படுத்தப்பட்ட 86 எக்கோ டாட் கருவிகளை விலைக்கு வாங்கிச் சோதித்தனர். அவற்றில் 61 சதவீதக் கருவிகள் ரீசெட் செய்யப்படாமலேயே விற்கப்பட்டிருந்தன. அத்தகைய கருவிகளிலிருந்து முந்தைய உரிமையாளரின் வைஃபை கடவுச்சொல், அமேசான் கணக்குக்கான சான்று போன்றவற்றை எடுப்பது எளிதாக இருந்ததாக அவர்கள் குறிப்பிட்டனர்.

அதைவிடக் கவலைக்குரிய முடிவு, ரீசெட் செய்யப்பட்ட கருவிகளைப் பற்றியது. அவற்றைப் பிரித்து, நினைவகச் சில்லைத் தனியே வாசித்தபோது, அழிந்ததாகக் கருதப்பட்ட விவரங்களையும் மீட்க முடிந்தது. ஃபிளாஷ் நினைவகம் விரைவில் தேயாமல் இருப்பதற்காக, புதிய விவரங்களை வெவ்வேறு இடங்களில் எழுதுமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. இதனால் பழைய விவரத்தின் பிரதி ஏதோ ஓரிடத்தில் எஞ்சிவிடுகிறது. அதை எடுப்பதற்குத் தொழில்நுட்ப அறிவும் உபகரணங்களும் வேண்டும் என்பதால், சாதாரணமாகப் பழைய ஸ்பீக்கரை வாங்கும் ஒருவரால் இது இயலாது. ஆயினும், இயலக்கூடிய ஒன்று என்பது நிரூபிக்கப்பட்டுவிட்டது.

இதற்கான பாதுகாப்பு கருவியில் அன்று, கணக்கில் உள்ளது. கருவியைக் கொடுப்பதற்கு முன் கணக்கிலிருந்தும் நீக்கிவிட்டால், அதில் எஞ்சியிருக்கும் சான்று செல்லாததாகிவிடும். அலெக்ஸா செயலியில் உரிய கருவியின் அமைப்புகளுக்குள் 'பதிவு நீக்கம்' என்ற தெரிவு உள்ளது. கூகுள் ஹோம் செயலியிலும் ஆப்பிளின் ஹோம் செயலியிலும் பட்டியலிலிருந்து கருவியை நீக்கலாம். ஏற்கெனவே ரீசெட் செய்யாமல் விற்றுவிட்டவர்களும் இப்போது செயலியைத் திறந்து, கையில் இல்லாத கருவி பட்டியலில் இருந்தால் அதை நீக்கிவிடலாம். அத்துடன் வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டால், பழைய கருவியில் உள்ள கடவுச்சொல் பயனற்றதாகிவிடும்.

குரல் பதிவுகள் எங்கே இருக்கின்றன?

ஸ்பீக்கரிடம் கேட்ட கேள்விகளின் பதிவுகள் கணக்கின் அமைப்பைப் பொறுத்து நிறுவனத்தின் சர்வரில் சேமிக்கப்படுகின்றன. கருவியை ரீசெட் செய்வதால் அவை அழிவதில்லை. அலெக்ஸா செயலியின் தனியுரிமைப் பகுதியிலும், கூகுள் கணக்கின் 'எனது செயல்பாடு' பக்கத்திலும் அவற்றைப் பார்வையிடலாம், நீக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தானாகவே நீங்குமாறும் அமைக்கலாம்.

குழந்தைகளின் குரல் பதிவுகளை அளவுக்கு மீறி வைத்திருந்ததாகவும், நீக்குமாறு பெற்றோர் கேட்டபின்னும் முழுமையாக நீக்கவில்லை என்றும் அமெரிக்க அரசு எழுப்பிய குற்றச்சாட்டில், 25 மில்லியன் டாலர் செலுத்த அமேசான் 2023ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தமது தரவைத் திருத்தவும் நீக்கவும் கோரும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்குகிறது. இதன் விதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன.

பழைய ஸ்பீக்கரை வாங்குவோர் கவனத்துக்கு

பழைய ஸ்பீக்கரை வாங்குவோருக்கும் இதில் பாடம் உண்டு. முந்தைய உரிமையாளரின் கணக்கில் பதிவாகியுள்ள எக்கோவை, அவர் பதிவை நீக்காத வரை மற்றொருவர் தமது கணக்கில் இணைப்பதில் சிக்கல் எழலாம். எனவே, பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரின் முன்னிலையிலேயே பதிவை நீக்கச் சொல்லி, ரீசெட் செய்து, தமது கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் மூலம் இணைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இனி இயங்காது என்று முடிவான ஸ்பீக்கரைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இத்தகைய கழிவுகளை மறுசுழற்சி செய்வதற்குப் பதிவு பெற்ற நிறுவனங்கள் உள்ளன. அங்கு ஒப்படைப்பதற்கு முன்னரும் கணக்கிலிருந்து கருவியை நீக்குவது அவசியம். இயங்காத கருவியை ரீசெட் செய்ய முடியாது என்றாலும், செயலியிலிருந்து நீக்க முடியும் என்பது குறிப்பிடத்தக்கது.

சுருக்கமாக, ஸ்பீக்கர் பேசவில்லை என்றால் மைக், இணையம், ரூட்டர் என்ற வரிசையில் பார்த்து, மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஸ்பீக்கர் வீட்டை விட்டுப் போகிறது என்றால் குரல் பதிவுகளை நீக்கி, கணக்கிலிருந்து கருவியை விடுவித்து, அதன்பின் ரீசெட் செய்து கொடுக்க வேண்டும்.